நான் எழுதிக் கொடுத்த கடிதம்

நானும் அக்காவும் ஒரே தபால் ஆபீசில் இருபத்திரண்டு வருஷம் பக்கத்துப் பக்கத்துக் கவுண்டரில் உட்கார்ந்திருந்தோம். அக்கா என்றால் சொந்தமில்லை. என்னைவிட இரண்டு வயது மூத்தவர். அஞ்சுகிராமம் பக்கம் வயல் சூழ்ந்த ஊர், சைவக் குடும்பம். கல்யாணம் செய்துகொள்ளாமல் தம்பி வீட்டில் இருந்தார். எனக்கு வடசேரி. நாங்கள் சர்ச்சுக்குப் போகிறவர்கள். மத்தியானம் நான் மீன்குழம்பைத் திறந்தால் அவர் ஒன்றும் சொல்லாமல் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொள்வார். கிறிஸ்துமஸுக்கு எங்கள் வீட்டுக்கு வந்து அச்சப்பம் மட்டும் தின்பார். என் கணவர் இறந்தபோது பதினைந்து நாள் லீவு போட்டு என் வீட்டிலேயே தங்கியவர். இதையெல்லாம் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் செய்தது எப்பேர்ப்பட்ட காரியம் என்பது பிறகு தெரியவேண்டும்.

இருவரும் ஓய்வு பெற்ற பிறகு நடந்தது இது. அந்த நாட்களில், கல்லூரியில் படிக்கிற ஒரு பெண்ணைக் கைப்பேசியில் எழுதிய நாலு வரிக்காகப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள். அதைக் கண்டித்துக் கூட்டம் போட அனுமதி கேட்டவர்களுக்கு இரண்டு முறையும் இல்லை என்று பதில் வந்தது. அக்கா எனக்குப் போன் பண்ணினார்.

"மக்கா, சனிக்கிழமை காலைல சும்மாதானே இருக்கே? கொஞ்சம் ஆளு கூடி முகவுரை வாசிக்கப் போறோம். வாறியா?"

"எந்த முகவுரைக்கா?"

"அரசியல் சாசனத்துக்க முகவுரைட்டி. கோஷம் கீஷம் ஒண்ணும் கிடையாது. வாசிக்கணும், கலைஞ்சு போகணும்."

"போலீசு பிடிச்சா?"

"பிடிச்சா மண்டபத்தில கொண்டு வைப்பான், சாயங்காலம் விடுவான். ஸ்டிரைக்குக்கு நாம எத்தன மட்டம் போயிருக்கோம்!"

நான் உடனே வருகிறேன் என்றேன். யாரும் என்னை இழுக்கவில்லை. அந்தப் பெண்ணின் படத்தைப் பேப்பரில் பார்த்ததிலிருந்து எனக்கே மனது சரியில்லாமல் இருந்தது. என் மகள் நர்சிங் படிக்கும்போது அப்படித்தான் இருப்பாள், ஒற்றைப் பின்னலும் பெரிய கண்ணாடியுமாக.

நாகர்கோவிலில் ஒரு முக்கில் நாற்பது பேர் போலக் கூடினோம். அக்காதான் வாசித்தார், நாங்கள் கூடவே சொன்னோம். பாதி வாசிப்பதற்குள் வேன் வந்து நின்றது. மண்டபத்தில் பெண்களெல்லாம் பாயில் உட்கார்ந்து பாடினோம். எலுமிச்சம் சாதம் தந்தார்கள். ஒரு பெண் போலீஸ் எங்களோடு உட்கார்ந்து சிரித்துப் பேசினாள். பழைய ஸ்டிரைக் நாட்கள் திரும்பி வந்ததுபோல இருந்தது. ஒரே ஒரு வித்தியாசம்தான். அன்று பேர் மட்டும் எழுதுவார்கள். இன்று ஆதார் எண், போன் எண் எல்லாம் வாங்கி, ஒவ்வொருவரையும் சுவரோரம் நிறுத்திப் படம் எடுத்தார்கள். நான் சேலை முந்தானையைச் சரிசெய்துகொண்டு சிரித்தபடி நின்றேன்.

நாலு மாதம் கழித்து, வளைகுடாவில் வேலை பார்க்கும் என் மகள் கர்ப்பமாக இருக்கிறாள் என்று செய்தி வந்தது. அதற்கு முன்னால் இரண்டு முறை கலைந்திருந்தது. இந்த முறை கட்டிலை விட்டு இறங்கக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். நான் போயே ஆகவேண்டும். அதுவரை எனக்கு பாஸ்போர்ட் கிடையாது. விண்ணப்பித்தேன். விசாரணைக்குக் காவல் நிலையத்திலிருந்து கூப்பிட்டார்கள்.

"உங்க மேல கேஸ் இருக்கேம்மா," என்றார் ரைட்டர், கம்ப்யூட்டரைப் பார்த்தபடியே.

"வாசிச்சதுக்கா?"

"சட்டவிரோதமா கூடினதுக்கு."

அன்று சாயங்காலம் மகள் போனில் அழுதாள். "உனக்கு எதுக்கும்மா இந்த வேல? வயசான காலத்துல ரோட்டுல போய் நிக்கணுமா? எனக்கு இங்க யாரு இருக்கா?"

மறுபடியும் போனேன். மூன்றாவது முறை போனபோது இன்ஸ்பெக்டர் என்னை உட்காரச் சொன்னார். மரியாதையாகத்தான் பேசினார். "நீங்க நல்ல குடும்பம். யாரோ சொல்லித்தான் போயிருப்பீங்க. அப்படி எழுதிக் குடுத்தா உங்க பேர எடுத்துருவோம். பாஸ்போர்ட்டுக்கும் தடை இருக்காது."

ரைட்டர் சொல்லச் சொல்ல எழுதினேன். என்ன நிகழ்ச்சி என்று எனக்குத் தெரியாது, கோயில் விசேஷம் என்று சொல்லி அழைத்துப் போனார், போன பிறகுதான் போராட்டம் என்று தெரிந்தது. யார் அழைத்தார் என்ற இடத்தில் 'ஒரு தோழி' என்று எழுதினேன். ரைட்டர் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார்.

"பேரு வேணும்மா. பேரு இல்லன்னா இது செல்லாது."

அக்காவின் பேரை எழுதினேன். என் கையெழுத்து அச்சு மாதிரி இருக்கும் என்று ஆபீசில் எல்லோரும் சொல்வார்கள். அன்றும் அப்படித்தான் இருந்தது, ஒரு எழுத்துகூட நடுங்கவில்லை.

பாஸ்போர்ட் வந்தது. நான் கிளம்புவதற்கு முந்தின நாள் அக்கா இரண்டு பஸ் மாறி வந்தார். பிள்ளை பெற்றவளுக்குக் கொடுக்கிற மருந்துப்பொடியை வறுத்து இடித்து, மூன்று பாக்கெட்டாகக் கட்டிக் கொண்டுவந்திருந்தார். "தேன்ல குழைச்சுக் குடு, கேட்டியா? சூடு தண்ணி மட்டும் குடிக்கச் சொல்லு." நான் தலையை ஆட்டினேன். அப்போது சொல்லியிருக்கலாம். காப்பி போடுகிறேன் என்று அடுக்களைக்குப் போய், பால் பொங்கி வழிவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

பேத்தி நல்லபடியாகப் பிறந்தாள். ஆறு மாதம் கழித்து ஊர் திரும்பியதும் படங்களை எடுத்துக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போனேன். அவர் ஒவ்வொரு படத்தையும் நிதானமாகப் பார்த்தார். "நெத்தி அப்படியே உனக்க வீட்டுக்காரருக்க நெத்தி," என்றார். பிறகு போனை என்னிடம் திருப்பித் தந்தார்.

"குற்றப்பத்திரிகை நகல் வந்துது. நான்தான் முதல் ஆளு. கோயில் விசேஷம்ணு பொய் சொல்லி ஆள் சேத்தேனாம். உனக்க கையெழுத்துல இருக்கு."

"அக்கா, பிள்ளைக்கு வேண்டி..."

"தெரியும். எனக்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருந்தா, எழுதிக் குடுட்டிண்ணு நானே சொல்லியிருப்பேன். நீ கேக்கல்ல."

அவர் குரல் உயரவில்லை. எழுந்து உள்ளே போனார். அவருடைய தம்பி மனைவி வந்து, "அத்தாச்சிக்கு தலவலி" என்றாள். நான் பஸ் ஸ்டாப்புக்கு நடந்தேன். அதன்பிறகு அக்கா என் போனை எடுக்கவில்லை.

சில மாதங்களில் எனக்கு நீதிமன்றத்திலிருந்து சம்மன் வந்தது. நான் குற்றம் சாட்டப்பட்டவர் பட்டியலிலிருந்து அரசுத் தரப்புச் சாட்சியாகிவிட்டேன் என்பது அந்தத் தாளைப் பார்த்துத்தான் எனக்குத் தெரிந்தது. அக்காவுக்கு எதிராக நான் சாட்சி சொல்லவேண்டும்.

கூண்டில் ஏறி நின்றபோது எதிரே அன்று கூட வாசித்தவர்கள் வரிசையாக நின்றார்கள். அக்கா மெலிந்து போயிருந்தார். என்னைப் பார்க்கவில்லை. அரசு வக்கீல் கடிதத்தைக் காட்டி, இது உங்கள் கையெழுத்துதானே என்றார்.

"ஆமா."

"இதில் உள்ளது உண்மைதானே?"

"இல்ல. முகவுரை வாசிக்கப் போறோம்ணு சொல்லித்தான் கூப்பிட்டாவ. நான் எனக்க இஷ்டத்துக்குத்தான் போனேன். கோயில் விசேஷம்ணு எழுதினது பொய். பாஸ்போர்ட்டுக்கு வேண்டி எழுதினேன்."

உடனே அரசு வக்கீல், எழுதிக் கொடுத்ததை மாற்றிச் சொல்கிறாள், என்னைப் பிறழ் சாட்சி என்று அறிவிக்கவேண்டும் என்று கேட்டார். காலையில் வீட்டிலிருந்து கிளம்பும்போது, இதைச் சொல்லிவிட்டால் நெஞ்சு லேசாகிவிடும் என்று நினைத்திருந்தேன். அப்படி ஒன்றும் ஆகவில்லை. இறங்கும்போது கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.

வெளியே வேப்பமரத்தடியில் காத்து நின்றேன். அக்கா வக்கீலோடு வந்தார். என்னருகே வந்ததும் நின்றார்.

"இனி உனக்குத்தான் தொந்தரவு வரும்," என்றார்.

"வரட்டும்க்கா."

"மகளப் பாக்க இனியும் போகணுமில்லா. யோசிச்சிருக்கணும்." இவ்வளவுதான். அதில் கோபம் இருந்ததா, அக்கறை இருந்ததா என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை. அவர் வக்கீலோடு நடந்து போய்விட்டார்.

கேஸ் இன்னும் முடியவில்லை. வாய்தா மேல் வாய்தாவாகப் போய்க்கொண்டிருக்கிறது. அக்காவின் தம்பி மகன் அரசு வேலைக்குத் தேர்வாகியிருந்தான். வீட்டில் இப்படி ஒரு கேஸ் இருந்தால் அவன் வேலைக்கு இடைஞ்சல் வரும் என்று யாரோ பயம் காட்டியிருக்கிறார்கள். மன்னிப்புக் கடிதம் கொடுக்கும்படி வீட்டில் கெஞ்சினார்களாம். அக்கா கொடுக்கவில்லை. தன்னால் அவர்களுக்குக் கெடுதல் வேண்டாம் என்று துணிமணியை எடுத்துக்கொண்டு அந்த வீட்டை விட்டு இறங்கிவிட்டார்.

இப்போது வடசேரியில், எங்கள் தெருவுக்கு இரண்டு தெரு தள்ளி, ஒரு மாடியறையில் தனியாக இருக்கிறார். அன்று எங்களோடு நின்ற நாற்பது பேரில் பெரும்பாலானவர்கள் இப்போது எதற்கும் வருவதில்லை. ஒருவருக்குப் பென்ஷன், ஒருவருக்கு மகன் விசா, ஒருவருக்குக் கடை லைசென்ஸ். அவர்களை நான் என்ன சொல்ல முடியும்? சந்தைக்குப் போகும்போது அந்த மாடியில் அக்காவின் சேலை காய்வதைப் பார்க்கிறேன். படியில் இரண்டு முறை ஏறியிருக்கிறேன். கதவைத் தட்டாமல் இறங்கி வந்துவிட்டேன்.