ஏன் விற்கிறீர்கள் என்று கேட்டாள்

குவைத்தில் இருபத்திரண்டு வருடம் நர்ஸாக வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பியபோது, எனக்கென்று நான் வாங்கிய ஒரே பொருள் அந்தக் கார். வீடு, தங்கையின் கல்யாணம், மகனின் படிப்பு எல்லாம் மற்றவர்களுக்காகச் செய்தவை. பார்க்கச் சின்ன வண்டி. உள்ளே இருந்ததோ டர்போ எஞ்சின். இளவட்டங்கள் ஹாட் ஹேட்ச் என்று சொல்வார்களே, அந்த வகை. ஐம்பது வயதில் இவளுக்கு எதற்கு இது என்று சொந்தக்காரர்கள் எல்லாரும் கேட்டார்கள். என் கணவர் கேட்கவில்லை. அவர் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர். கார் ஓட்டப் பழகியதே இல்லை. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் இராஜாக்கமங்கலத்திலிருந்து முட்டம் வரை கடலோரச் சாலையில் ஒரு ஓட்டம் போவோம். ஆளில்லாத இடத்தில் நான் மூன்றாவது கியரில் வைத்து மிதித்தால், அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப்பையில் வைத்துக்கொள்வார். அவ்வளவுதான் அவருடைய எதிர்ப்பு.

போன வருடம் கன்னிப்பூ நெல் அறுவடை நேரத்தில், சுசீந்திரம் தாண்டி வயல்களுக்கு நடுவே நான் மட்டும் வந்துகொண்டிருந்தேன். வேகமாகப் போகவில்லை. திடீரென்று இடது பக்கம் தகரம் கீறும் சத்தம். நிறுத்திவிட்டுப் பார்த்தால், சைக்கிளோடு ஒருவர் கீழே கிடந்தார். அறுபத்தைந்து வயதிருக்கும். கழுத்தெலும்பு முறிந்திருப்பது பார்த்தவுடன் தெரிந்தது. துப்பட்டாவால் கையைக் கட்டி, பின்சீட்டில் ஏற்றி, நானே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன்.

அவரை வண்டியில் ஏற்றும் முன்பே, எதிரே சாயக்கடையில் டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள் ஓடிவந்து, கிழவர்தான் சட்டென்று ஒடித்துத் திருப்பினார் என்றார்கள். அவர் மட்டும், “நான் கை காட்டினேனே” என்று சொன்னார். யாரும் காதில் வாங்கவில்லை. வழி நெடுக அதையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டு வந்தார். ஆஸ்பத்திரியை எட்டும்போது, “காட்டினேன்னுதான் நினைக்கேன்” என்று ஆகிவிட்டது.

அவர் கை காட்டினாரா இல்லையா என்பது எனக்குத் தெரியாது. தெரிந்தது ஒன்றுதான். நான் அவரைப் பார்க்கவே இல்லை. நேரான சாலை, பட்டப்பகல், எனக்கு முன்னால் ஒரு ஆள் சைக்கிளில் போகிறார், அவர் என் கண்ணில் படவில்லை. அதை நான் யாரிடமும் சொல்லவில்லை. சிகிச்சைச் செலவை ஏற்றுக்கொண்டேன். இரண்டு தடவை பழம் வாங்கிக்கொண்டு போய்ப் பார்த்தேன். என்னைப் போல நல்ல மனசு யாருக்கு உண்டு என்று அவருடைய மகள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். வீட்டில் கணவரிடமும், கிழவர் குறுக்கே வந்துவிட்டார் என்றுதான் சொன்னேன்.

இரண்டு மாதம் கழித்துத்தான் கண் டாக்டரிடம் போனேன். கிளாக்கோமா. இரண்டு கண்ணிலும் ஓரப்பார்வை போயிருந்தது, இடது பக்கம் அதிகம். இனி வண்டி ஓட்டக் கூடாது என்றார். நர்ஸாக இருந்த எனக்கு அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை. சாவியைக் கணவரிடம் கொடுத்தேன். கண்ணில் கொஞ்சம் பிரச்சினை, விற்றுவிடலாம் என்று மட்டும் சொன்னேன்.

முதலில் நாகர்கோவிலில் பழைய கார் வாங்கி விற்கும் ஒருவரை வீட்டுக்கு வரச் சொன்னோம். நான்தான் ஓட்டினவள் என்று சொன்ன பிறகும் எல்லாக் கேள்வியையும் அவர் என் கணவரிடமே கேட்டார். இடது கதவின் மேல் ஒரு சின்னக் கருவியை வைத்துப் பார்த்து, இது பெயிண்ட் அடித்த கதவு என்றார். கேட் தூணில் உரசியது என்று சொன்னேன். அவர் சிரித்தார். “தூணோ மரமோ, நமக்கென்ன சார். வாங்குக ஆளுக்கிட்ட நாங்க ஒண்ணும் சொல்லப் போறதில்ல.” இந்த மாதிரி வண்டிக்கு இங்கே கிராக்கி இல்லை என்று மிகக் குறைவாக விலை சொன்னார். கணவர் யோசிக்கலாம் என்றார். எனக்கோ, அந்த மனிதர் என் பொய்யில் எனக்குக் கூட்டாளியாகிவிட்டது போல ஒரு அருவருப்பு.

பிறகு இணையத்தில் விளம்பரம் போட்டோம். மார்த்தாண்டத்திலிருந்து ஒரு தம்பதி வந்தார்கள். இருவருக்கும் முப்பது வயதுக்குள் இருக்கும். ஓட்டப்போவது மனைவிதான். டயரின் தேய்மானம், சர்வீஸ் பில்கள், எஞ்சினுக்கு அடியில் எண்ணெய்க் கசிவு என்று ஒவ்வொன்றாக அவளே குனிந்து பார்த்தாள். முட்டம் சாலையில் ஓட்டிப் பார்க்கும்போது நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்; ஆண்கள் இருவரும் பின்னால். நன்றாக ஓட்டினாள். வளைவுக்கு முன்பே கியரைக் குறைத்தாள். திரும்பி வந்து எஞ்சினை அணைத்துவிட்டுக் கேட்டாள்.

“அக்கா, இவ்வளவு நல்லா வச்சிருக்கீங்க. பின்ன எதுக்கு விக்கீங்க?”

தூணில் உரசிய கதை வாய் வரை வந்தது. ஆனால் அவள் ஸ்டீயரிங்கில் கை வைத்தபடி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். எல்லாவற்றையும் சொன்னேன். சைக்கிள்காரரை நான் பார்க்கவில்லை என்பதையும் சொன்னேன். பின்சீட்டில் கணவர் இருந்தார். அவரும் அப்போதுதான் முதல்முறையாகக் கேட்கிறார்.

அவள் வண்டியைப் பற்றி எதுவும் கேட்கவில்லை. “அந்த அப்பாவுக்கு இது தெரியுமா அக்கா?” என்றாள்.

அவர்கள் போன பிறகு கணவர் இடது கதவை விரலால் தடவிப் பார்த்தார். பிறகு, “நாளைக்குக் காலத்த அந்தப் பெரியவரு வீட்டுக்குப் போவோம். நானும் வாறேன்” என்றார்.

மறுநாள் பஸ்ஸில் போனோம். பெரியவர் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். எலும்பு கூடியிருந்தது, ஆனால் மெலிந்திருந்தார். வயலுக்குப் போவதில்லை என்றார். வயசான காலத்தில் புத்தி தடுமாறுகிறது என்று மகன் சைக்கிளை விற்றுவிட்டானாம். அதைக் கேட்ட பிறகு சொல்வது இன்னும் கடினமாக இருந்தது. நின்றுகொண்டே சொன்னேன்.

மகள்தான் முதலில் பேசினாள். “இத்தன மாசமா எங்கப்பா உறங்கல்ல. நான் கை காட்டினேனா, காட்டினேனான்னு எங்ககிட்ட கேட்டுக்கிட்டே கெடந்தாரு. அண்ணைக்கு ஒரு வாக்கு சொல்லியிருந்தா என்ன கொறஞ்சிருக்கும் உங்களுக்கு?”

கணவர் தலை குனிந்து நின்றார்.

பெரியவர் கோபப்படவில்லை. தோளைத் தடவிக்கொண்டார். பிறகு, “சாயக்கடையில வந்து இதச் சொல்லுவீங்களாம்மா?” என்றார்.

போனோம். ஐந்தாறு பேர் இருந்தார்கள். அன்றைக்கு ஓடிவந்தவர்களில் இருவரை எனக்கு அடையாளம் தெரிந்தது. என் கண்ணில் கோளாறு, இவர் மேல் தப்பில்லை, நான் அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும் என்றேன். கடைக்காரர் டம்ளரைக் கழுவுவதை நிறுத்திவிட்டுக் காதுகொடுத்துக் கேட்டார். பெரியவர் ஒவ்வொருவர் முகமாகப் பார்த்தார். பார்த்துவிட்டு, எங்களிடம் விடைகூடப் பெறாமல் வீட்டை நோக்கி நடந்தார். மன்னித்தாரா என்று தெரியவில்லை. கேட்கும் தைரியமும் எனக்கில்லை.

அந்த வாரமே மார்த்தாண்டத்துப் பெண் வண்டியை எடுத்துக்கொள்வதாகப் போன் செய்தாள். எடுக்க வந்தபோது, படிவங்களில் நான் கையெழுத்துப் போட வேண்டிய இடத்தை விரலால் காட்டினாள். எனக்கு நன்றாகவே தெரிந்தது, ஆனாலும் காட்டட்டும் என்று விட்டுவிட்டேன். கடைசியாக ஒரு தடவை வீட்டு முற்றத்துக்குள் நகர்த்திப் பார்க்கிறீர்களா என்று கேட்டாள். வேண்டாம் என்றேன். இரண்டாவது கியர் எஞ்சின் சூடாகும் வரை கொஞ்சம் முரண்டு பிடிக்கும், அவசரப்படுத்தாதே என்று மட்டும் சொன்னேன். அவள் இடமும் வலமும் திரும்பிப் பார்த்து, மெதுவாகச் சாலையில் ஏறினாள்.