தானும் அதே ஃபெரியில் ஏறியவர்

தீவிலிருந்து மெர்சிங் துறைமுகத்துக்குத் திரும்பும் வழியில் அலை பெரிதானதும் ஃபெரியின் கதவுகளைச் சாத்திவிட்டார்கள். மகள் என் மடியில் முகம் புதைத்து அழுதாள். பக்கத்து இருக்கைக்காரர், தொப்பையும் தடித்த கண்ணாடியுமாக, ஒவ்வொரு அலைக்கும் முழங்காலில் விரலால் தட்டிக்கொண்டிருந்தார். கப்பல்களுக்கு அலை நிலவரம் கணித்துச் சொல்பவர் என்று ஏறும்போதே சொல்லியிருந்தார்.

"ஒரு மீட்டர் அலைதான்னு அறிவிப்புல போட்டிருந்தாங்களே, அண்ணே!" என்றேன்.

"போட்டதே நான்தாம்மா. அத நம்பித்தான் நானும் ஏறினேன்லா."

"கவிழ்ந்துடுமா?"

"தெரியலம்மா. பிள்ளைக்கு லைஃப் ஜாக்கெட்ட இறுக்கிக் கட்டுங்க."

கரை இறங்கியதும், தீவுக்குப் புறப்படவிருந்த அடுத்த ஃபெரியை போன் செய்து நிறுத்தினார். இறக்கிவிடப்பட்டவர்கள் ஏசினார்கள். "என் கணக்குதான் தப்பு" என்று ஒவ்வொருவரிடமும் சொன்னார்.

அவர்மேல் எனக்குக் கோபம் இன்னும் தீரவில்லை. ஆனால் மகளோடு மறுபடி கடலில் போக நேர்ந்தால், அவர் ஏறும் படகில்தான் ஏறுவேன்.