நின்ற இதயத்தைத் துடிக்கவைத்துக் கொண்டுசென்ற எங்கள் அக்கா

எங்கள் வீட்டு மூத்த பிள்ளை, என் ஒரே அக்கா, எங்களைப் பிரிந்து ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் அக்கா என்ன வேலை செய்தார் என்பதைச் சரியாகச் சொல்லிவிட விரும்புகிறேன். பலருக்கு அது தெரியாது. வெகுகாலம் அம்மா சொல்லவிடவில்லை.

அக்கா சுங்கை பினாங் வட்டாரத்து அடுக்குமாடி வீட்டில் பிறந்தவர். துறைமுகத்தில் சரக்கு இறக்கிய அப்பா இளவயதிலேயே காலமானார். அம்மா தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை பார்த்தார். சமையலும் என் படிப்பும் அக்காவின் பொறுப்பாயின. அதற்கிடையிலும் படித்துத் தாதியாகி, அறுவை சிகிச்சைக் கூடத்தில் சேர்ந்தார். இதய அறுவையின்போது ரத்தத்தை ஓடவைக்கும் இயந்திரத்தின் மேல் அவருக்குத் தனி ஆர்வம். அதை இயக்கவும் கற்று, சிட்னிக்கு வேலைக்குச் சென்றார்.

இதய மாற்று சிகிச்சையில் அங்கே ஒரு புது வழி வந்திருந்தது. துடிப்பு நின்று இறந்தவரின் இதயம் மற்றவருக்கு ஆகாது என்பதே முந்தைய நிலை. இப்போது அதை ஒரு பெட்டி இயந்திரத்தில் வைத்து, வெதுவெதுப்பான ரத்தம் செலுத்தி, மறுபடி துடிக்கவைக்கிறார்கள். அந்தப் பெட்டியோடு பயணம் செய்வது அக்காவின் வேலை.

"செத்தவங்க நெஞ்ச தொடுற வேலைன்னு வெளிய சொல்லாத லா. நர்ஸுன்னு மட்டும் சொல்லு" என்பார் அம்மா.

ஒரு தீபாவளி விடுமுறைக்கு வந்தபோதுதான் அக்கா எங்களிடம் மனம்விட்டுப் பேசினார். தொலைதூர ஊரிலிருந்து ஓர் இதயத்தை விமானத்தில் கொண்டுவந்தாராம். புயலால் விமானம் வேறு ஊரில் இறங்க, மீதி வழி ஆம்புலன்ஸில். ஐஸில் வைத்த இதயம் அவ்வளவு தாமதத்தைத் தாங்காது. பெட்டியில் இருந்த இதயமும் பாதி வழியில் சோர்வு காட்டியது. இதயத்துக்காகக் காத்திருந்த நோயாளியின் மார்பைத் திறக்கலாமா என்று தொலைபேசியில் கேட்டார் அறுவை மருத்துவர். திறந்த பிறகு இதயம் கைவிட்டால், அந்த உயிர் போய்விடும்.

"பொறுங்கன்னு சொன்னேன்மா. ரத்த ஓட்டத்த கொஞ்சங்கொஞ்சமா சரிபண்ணினேன். திரும்ப டெஸ்ட் பண்ணிப் பாத்துட்டுத்தான் திறங்கன்னேன்."

"நின்னு போனது எப்படிடி திரும்பத் துடிக்கும்?"

"சூடும் ரத்தமும் நேரத்துக்குக் கெடச்சா துடிக்கும்மா. என் கண்ணு முன்னாடியே துடிச்சிச்சு."

அம்மா கேட்டார்: "அந்த இருதயம் வச்ச புள்ள இப்ப நல்லா இருக்கா?"

"நடக்குறாங்களாம்மா. சின்னப் பொம்பள. அதுக்கு மேல சொல்லக்கூடாது."

அடுத்த வெள்ளிக்கிழமை கோயிலில் பெயரும் நட்சத்திரமும் கேட்ட குருக்களிடம், "ரெண்டும் தெரியாது ஐயரே. எம்மக இருதயம் கொண்டுபோய்க் குடுத்த பொண்ணு. அவளுக்கும் ஒரு அர்ச்சனை" என்றார் அம்மா. பக்கத்தில் நின்ற அக்காவின் முகத்தில் அன்று கண்ட பெருமிதத்தை நான் மறக்கவே மாட்டேன்.

புற்றுநோய் முற்றியபின் அக்கா வீடு திரும்பினார். கடைசி மாதங்களில் அம்மாவின் கையால்தான் கஞ்சி குடித்தார். "எனக்கு வந்த நோய்க்கு இருதயத்த எடுக்க மாட்டாங்க. கண்ண எடுத்துக்குவாங்க தம்பி. குடுத்துரு" என்று என்னிடம் சொல்லியிருந்தார். அந்த வேளை வந்தபோது அக்கா கேட்டதை வீட்டாரிடம் தட்டுத்தடுமாறித்தான் சொன்னேன். கண்ணில்லாமல் எப்படி அனுப்புவது என்று பெரியவர் ஒருவர் தயங்கினார்.

அம்மா எழுந்து நின்றார். "எம்மக அடுத்தவங்க இருதயத்த துடிக்க வச்சு தூக்கிட்டுப் போனவ. அவ சொன்னா சொன்னதுதான். எடுத்துக்கச் சொல்லுங்க."

வாசலில் நின்ற அத்தனை பேருக்கும் அது கேட்டது.

அக்காவைக் கவனித்துக்கொண்ட தாதியர், மாடிப்படி ஏறிச் சோறு கொண்டுவந்த அண்டை வீட்டார், சிட்னியிலிருந்து அழைத்து அம்மாவிடம் அழுத தோழிகள் அனைவருக்கும் எங்கள் நன்றி. அக்கா சுமந்த ஒவ்வோர் இதயத்துக்கும் பின்னால், இழவு விழுந்த வேளையில் 'சரி' என்று சொன்ன ஒரு குடும்பம் இருந்தது. அந்தச் சொல்லைச் சொல்வது எவ்வளவு கடினம் என்று இப்போது எங்களுக்கும் தெரியும். முகமறியாத அவர்களை எங்கள் குடும்பம் கைகூப்பி வணங்குகிறது.