எதிர்மாடிக் கேமரா

உத்தமபாளையத்தில் எங்கள் தெருவில் சித்திரை வெயிலிலும் ஜன்னலைச் சாத்தியே வைத்திருந்த அறை ஒன்றுதான். அதில் குகனேசன் இருந்தான். யாழ்ப்பாணத்துக்காரன்; கல்லூரியில் மூன்றாம் வருஷம். மாடியில் அவனுக்குப் பக்கத்து அறை எனக்கு. பேசுவது ஒரே தமிழ், தின்பது ஒரே இட்லி. இருந்தாலும் காகிதத்தில் அவன் வெளிநாட்டு மாணவன்.

வந்த புதிதில் அவனிடம் பயம் கிடையாது. முதல் நாள் கல்லூரிக்குப் புறப்பட்டவன், வாசலில் கீரை ஆய்ந்துகொண்டிருந்த வீட்டுக்காரப் பாண்டியம்மாளிடம் மரியாதையாக, "அக்கா, நான் வெளிக்கிடுறன்" என்றான்.

"வெளிக்கிப் போறதுன்னா சொம்ப எடுத்துக்கிட்டுக் கம்முனு போகவேண்டியதுதானே தம்பி? புஸ்தகத்தக் கக்கத்துல வச்சுக்கிட்டு, ஊருக்கெல்லாம் சொல்லிக்கிட்டா போவாக?"

புறப்படுகிறேன் என்பதற்கு அவன் ஊர்ச் சொல் அது என்று விளங்குவதற்குள் தெருவே சிரித்து முடித்திருந்தது. அவனும் சேர்ந்து சிரித்தான். அதற்கப்புறம் தினமும், "என்ன தம்பி, வெளிக்கிட்டாச்சா?" என்று கேட்டால்தான் அவளுக்குப் பொழுது விடியும்.

எண்பத்தாறில், இயக்கத்து ஆள் யார் என்று போலீஸ் இலங்கைப் பையன்களைக் கண்காணிக்கத் தொடங்கியதும், அந்தச் சிரிப்பு நின்றது. ஒரு நாள் ஸ்டேஷன் ஏட்டு வந்து எதிர்மாடியில் வைகுண்டராஜின் போட்டோ ஸ்டூடியோவுக்குள் போய்ப் பேசிவிட்டு இறங்கினார். மறுநாள் அந்த ஜன்னலில், மூன்று கால் ஸ்டாண்டின் மேல், கேமரா எங்கள் வாசலைப் பார்த்து நின்றது. குகனேசனைத் தேடி யார் வந்தாலும் ஒரு படம்.

"எனக்கென்ன ஆசையா? பிலிம்மு அவுகளே குடுக்காக, புடிங்கிறாக" என்று வைகுண்டராஜ் டீக்கடையில் சொல்லிக்கொண்டார்.

குகனேசன் பல் விளக்குவதைக்கூடக் கொல்லைக்கு மாற்றிக்கொண்டான். தெருவில் என்னைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வான். "நீ அந்தப் படத்துல விழுந்துடாத" என்பான் அறைக்கு வந்ததும். மனிதன் உற்றுப் பார்த்தால் எப்போதாவது இமைப்பான். அது இமைக்காது என்பதுதான் அவனால் தாங்க முடியாததாக இருந்தது. உருண்டு திறந்திருந்த அந்தக் கண்ணுக்குக் காதும் உண்டு என்று எப்படியோ நம்பத் தொடங்கினான். அவன் ஊர் 'ஓம்' போய் எங்கள் ஊர் 'ஆமா' வந்தது. சுவருக்கு அந்தப் பக்கம், "வந்தாக, போனாக, சொன்னாக" என்று தனியாகச் சொல்லிப் பழகுவது எனக்குக் கேட்கும்.

பரீட்சை நெருங்கியபோது, அவன் அம்மா படகேறிக் கரை சேர்ந்து கடலோர அகதி முகாமில் இருப்பதாகச் சேதி வந்தது. பார்த்துவர அனுமதி கேட்டு ஸ்டேஷனுக்குப் போனான். கிடைக்கவில்லை. ஊரைத் தாண்டினாலோ, ஆகாதவர்கள் வந்து பார்த்தாலோ பரீட்சை எழுத முடியாது, உள்ளேதான் என்று சொல்லி அனுப்பினார்கள். முகாமிலிருந்து சொல்லாமல் வெளியே வந்தவர்கள் யாராக இருந்தாலும் ஆகாதவர்கள்தான்.

அந்த அம்மாவே வந்துவிட்டார்.

பிற்பகல். குகனேசனும் நானும் மாடிப்படி இறங்கி வாசலுக்கு வரும்போது, கையில் துணிப்பையோடு ஒரு மெலிந்த அம்மா நின்றார்.

"தம்பி... ராசா!"

குகனேசன் அவரைப் பார்க்கவில்லை. மேலே பார்த்தான். வைகுண்டராஜ் கேமராவுக்குப் பின்னால் குனிந்துகொண்டிருந்தார்.

"யாரும்மா நீங்க? யாரத் தேடி வந்தீக?"

அப்பழுக்கில்லாத எங்கள் ஊர்ப் பேச்சு. அவன் முகத்தைத் தொடவந்த அந்த அம்மாவின் கை பாதியில் நின்றது. அவர் மகனைப் பார்த்தார். மகனின் கண் போன இடத்தைப் பார்த்தார். குரல் இறங்கிவிட்டது.

"பிழையான வீட்டுக்கு வந்திட்டன் போல, தம்பி. குறை நினையாதேங்கோ. அப்ப நான் வெளிக்கிடுறன்."

கீரை ஆய்ந்துகொண்டிருந்த பாண்டியம்மாளின் விரல்கள் நின்றன. இந்தத் தடவை அவள் சிரிக்கவில்லை. முறத்தைத் தள்ளிவிட்டு எழுந்தாள்.

"அடியாத்தி, மதினி! கூடலூர்ல இருந்து பஸ்ஸேறி வந்துட்டு வாசலோட திரும்புறீகளே! வீடு தெரியலையாக்கும்?" என்று அவர் கையைப் பிடித்தாள்.

மேலே 'கிளிக்' என்றது.

"யாருக்கா அது?" என்றார் வைகுண்டராஜ்.

"எங்க மதினி. கூடலூரு."

"பையன்கிட்ட என்னமோ பேசுனாகளே?"

"அவுகளுக்குப் பேச்சே வராதுப்பா. சும்மா வாயசைப்பாக. ஒனக்குக் கேட்டுச்சாக்கும்? போ, போயி கலியாண ஜோடிக்குப் பவுடரு பூசு!"

அவர் ஜன்னலை விட்டு நகரவில்லை.

பாண்டியம்மாள் வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டாள். அந்த அம்மா அதன்படி ஊமையாக வேண்டியதாயிற்று. இரண்டு நாள் கீழ்வீட்டில் இருந்தார். மோர் வாங்க வருகிறவர்கள், தண்ணீருக்கு வருகிறவர்கள் என்று ஓயாத வீடு. ஒரு சொல் தவறி விழுந்தால் போதும். அடுக்களையில் மகனுக்குச் சோறு போட்டார். அவன் கழுத்தெலும்பை விரலால் தடவி, மெலிந்துவிட்டாய் என்று கண்ணாலேயே கேட்டார். வீடு என்னவாயிற்று, யார் மிச்சம் என்று அவன் கேட்கவே இல்லை. கேட்டால் அவர் வாய் திறந்துவிடுவார். கொல்லையில் குழாயைத் திறந்துவிட்டு, அந்தச் சத்தத்துக்குள் அழுதான்.

மூன்றாம் நாள் காலை அவர் கிளம்ப வேண்டும். கூடலூர் மதினி கூடலூர் பஸ்ஸில்தானே ஏறியாக வேண்டும்? ஆகவே தெற்கே போய், கம்பத்தில் இறங்கி, மதுரை பஸ் பிடித்து, இதே ஊர் வழியாக முக்காட்டோடு முகாமுக்குத் திரும்பிப் போவது என்று ஏற்பாடு.

வாசலில் நின்று மகன் பக்கம் திரும்பினார். "வெ..." என்று வந்ததை உள்ளங்கையால் பொத்திக்கொண்டார்.

"போயிட்டு வாங்க சித்தி. பாத்துப் போங்க" என்று எதிர்மாடிக்குக் கேட்கும்படி உரக்கச் சொன்னான் குகனேசன்.

மேலே ஆள் இருந்தாரா என்று எங்களில் யாரும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

கூடலூர் பஸ் போன பிறகு பாண்டியம்மாள் முறத்தின் முன்னால் உட்கார்ந்து, எங்களுக்கு மட்டும் கேட்கும்படி, "வெளிக்கிட்டாக" என்றாள்.

மதுரை பஸ் ஊருக்குள் வந்து நின்ற நேரத்தில் குகனேசன் பஸ் நிலையத்துக்குப் போகவில்லை. அறையில் கட்டிலோரமாக நின்று, ஹாரன் சத்தம் அடங்கும்வரை கேட்டான். பிறகு ஜன்னல் கொக்கி மாட்டியிருக்கிறதா என்று ஒரு தரம் இழுத்துப் பார்த்தான்.