மரகதம் டீச்சர் இருந்த இடம்

பெங்களூர் ஓரத்து ஹெப்பகோடிக்குக் குடிவந்த முதல் வாரம், மளிகைக்கடைக்காரர் பருப்பை நிறுத்துவிட்டு "சாக்கா?" என்று கேட்டார். அரைக் கிலோ பருப்புக்கு எதற்குச் சாக்கு என்று நினைத்து, "வேணாங்க, கவர்லயே போடுங்க" என்றேன். அவர் இன்னொரு பிடி அள்ளிப் போட்டார். போதுமா என்றுதான் கேட்டிருக்கிறார். நான் பெங்களூரில் பிறந்து பதின்மூன்று வயதுவரை வளர்ந்தவள். வாணியம்பாடியில் எட்டு வருடம் இருந்ததில் இந்தச் சின்னக் கன்னடச் சொல்கூட என்னைவிட்டுப் போயிருந்தது. தமிழ்நாட்டில் இருக்கும் நீங்கள் இதைப் படித்துச் சிரிக்கலாம். எனக்குச் சிரிப்பு வரவில்லை. எங்களை இந்த ஊரைவிட்டுப் போகவைத்த ஆளின் பெயர் எனக்குத் தெரியும். கம்பெனி வேலை என்று சொல்லிக்கொண்டு நான் திரும்பி வந்ததே அவருக்காகத்தான்.

என் ஆயா, அம்மாவைப் பெற்றவர், பெங்களூர் மர்பி டவுனில் ஒரு பள்ளியின் தமிழ்ப் பிரிவில் இருபத்தெட்டு வருடம் ஆசிரியை. மரகதம் டீச்சர் என்றால் அந்தத் தெருக்களில் எல்லோருக்கும் தெரியும். தலை வாராமல் வரும் பிள்ளைகளுக்குத் திட்டிக்கொண்டே பின்னல் போடுவார். எழுத்துக் கோணினால் அடிக்கமாட்டார். பக்கத்தில் உட்கார்ந்து, தானும் அதே கோணலாக எழுதிக் காட்டி, "இத உன்னால படிக்க முடியுதா பாரு" என்பார். பிள்ளை சிரித்துவிட்டு நேராக எழுதும்.

தொண்ணூற்றொன்று டிசம்பரில் காவிரித் தகராறு வெடித்து, தமிழர் வீடுகள் எரிந்தன. முதல் நாள் மதியம் தலைமையாசிரியர் தேவதாஸ் எங்கள் கதவைத் தட்டினார். அவரும் தமிழர்தான். கூட ஆறு பிள்ளைகள். கூலி வேலைக்குப் போன பெற்றோர் திரும்பி வர வழியில்லை. "டீச்சர், நீங்கதான் பாத்துக்கணும். எனக்கு பயமா கீது" என்று சொல்லிவிட்டுப் போனார். நான்கு நாள் அந்த ஆறு பேரையும் என்னையும் ஆயா ஒரே அறையில் வைத்திருந்தார். காலையில் வருகைப் பதிவு எடுப்பார், குரலைத் தாழ்த்தி. மூன்றாம் நாள் ஒரு கூட்டம் வாசலுக்கு வந்தபோது பக்கத்து வீட்டு சுசீலம்மா குறுக்கே நின்று, "இல்லி நம்ம மக்களித்தாரெ, ஹோகி!" என்று கத்தினார். பயத்தில் அதைத் தமிழாகவே கேட்டு, இங்கே நம் மக்கள் இருக்கிறார்கள், போங்கள் என்கிறார் என நினைத்தேன். கன்னடத்தில் மக்கள் என்றால் பிள்ளைகள் என்று ஆயாதான் பிறகு சொன்னார்.

பள்ளி திறந்தபோது ஆயாவுக்கு ஒரு வேலைநீக்கக் காகிதம் காத்திருந்தது. பிள்ளைகளை விட்டுவிட்டு, சொல்லாமல் தமிழ்நாட்டுக்கு ஓடிவிட்டார் என்று தேவதாஸ் எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தார். நிர்வாகத்துக்குத் தமிழ்ப் பிரிவை மூட ஒரு காரணம் வேண்டியிருந்தது. தேவதாஸுக்குத் தன் நாற்காலி வேண்டியிருந்தது. அந்த ஆறு பிள்ளைகளின் பெற்றோரில் பாதிப்பேர் ஊரைவிட்டே போய்விட்டார்கள். மீதிப்பேர் பள்ளிக்குப் பயந்து வாயைத் திறக்கவில்லை. ஓடாதவரை ஓடியவர் என்று எழுதி, கடைசியில் உண்மையாகவே வாணியம்பாடிக்கு அனுப்பினார்கள். ஐந்து வருடம் கழித்து ஆயா அங்கே இறந்தார். "எம் பேர்ல எழுதுனது பொய்யின்னு ஆகற வரைக்கும் எனக்குக் கல்லு வைக்காதீங்க" என்பது அவர் கடைசியாகக் கேட்டது. வெறும் மண்மேட்டில் விட்டுவந்தோம்.

பெங்களூர் வந்ததும் முதலில் பள்ளிக்குப் போனேன். "எங்க ஆயா இங்க வேல பாத்தாங்க, அவங்க சர்வீஸ் ரெக்கார்டு பாக்கணும்" என்றேன். ஆபீஸில் இருந்த பெண், "ஆயாங்க ரெக்கார்டு எல்லாம் வெச்சிக்கறதில்ல மேடம். பெருக்கறவங்க வருவாங்க, போவாங்க" என்றாள். அவளைக் குற்றம் சொல்லவில்லை. தேவதாஸின் வீடு எங்கே என்று மட்டும் கேட்டுக்கொண்டேன்.

ஓய்வு பெற்று, மகன் வீட்டில் சௌக்கியமாக இருந்தார். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து உறவினர்கள் கூடும் நேரம் பார்த்துப் போவேன். மரியாதையாக உட்காருவேன். "சார், அந்த நாலு நாள் எங்க ஆயா எங்க இருந்தாங்க?" இது ஒன்றுதான் கேட்பேன். அவர் மனைவி தரும் காப்பியைத் தொடமாட்டேன். முதல் வாரம் நினைவில்லை என்றார். மூன்றாம் வாரம் மகன் கோபப்பட்டான். ஐந்தாம் வாரம் அவனே, "அப்பா, இவங்க என்னாதான் கேக்கறாங்க?" என்று அவரிடம் திரும்பினான். தேவதாஸின் அந்த முகத்தைப் பார்க்கத்தான் எட்டு வருடம் காத்திருந்தேன்.

ஏழாம் வாரம் கிழவர் அழுதார். "உங்க ஆயாகிட்ட மன்னிப்பு கேக்கணும்மா."

"வாணியம்பாடி கல்லறைத் தோட்டத்துல இருக்காங்க. போயி கேளுங்க."

போனார். பெயர் தேடி, வெயிலில் ஒவ்வொரு கல்லாகக் குனிந்து படித்திருக்கிறார். திரும்பி வந்து, "எந்த இடம்னு சொல்லவே இல்லியேம்மா" என்றார்.

"எங்க இருந்தாங்கன்னு தெரிஞ்சே நீங்க சொல்லலியே சார்."

மறுநாள் தன் கையால் எழுதிக் கொடுத்தார்: மரகதம் டீச்சர் ஓடவில்லை, பிள்ளைகளோடு இருந்தார், நான் எழுதியது பொய். ஒரு பிரதியைப் பள்ளியில் கொடுத்து முத்திரை வாங்கினேன். அடுத்த மாதம் அவர் இறந்தார். அன்று எனக்கு விடுமுறைதான். போகவில்லை. இப்போதும் அதற்காக வருந்தவில்லை.

கல் வைக்கிறோம். பெயரும் "ஆசிரியை" என்பதும் வெட்டியாகிவிட்டது. அடியில் எந்த ஊர் என்று போடுவது என்று கல் வெட்டுகிறவர் கேட்டார். ஆயாவின் மகன், என் மாமா, வாணியம்பாடி என்றார். நான் பெங்களூர் என்றேன். உளியைக் கையில் வைத்துக்கொண்டு அவர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.