தலையாட்டிவிட்டு வந்த நாள்

ஆரணியில் பட்டு நெய்கிறவன் நான். பல் டாக்டர் என்றாலே எனக்கு உதறல். கடைவாய்ப் பல்லைப் பிடுங்கியதும், அவர் சொன்னதற்கெல்லாம் தலையாட்டிவிட்டு ஓடிவந்துவிட்டேன்.

மறுநாள் ரேடியோ கேட்டபடி தறியில் உட்கார்ந்தேன். தறியில் குறுக்கே ஓடும் நாடாக் கட்டையின் சிறு துளை வழியே இழையை நாங்கள் வாயால் உறிஞ்சித்தான் எடுப்போம். அப்படி உறிஞ்சியதும் பல் பிடுங்கிய இடத்தில் ரத்தம் பொங்கி, முகூர்த்தப் புடவையில் சொட்டியது.

"அந்த டாக்டர் என்னைக் கெடுத்துட்டான்!" என்று தெருவே கேட்கக் கத்தினேன். மனைவி என்னை அவரிடமே இழுத்துப்போனாள்.

பஞ்சை வைத்தபடி அவர் கேட்டார்: "எதையும் உறிஞ்சாதீங்கன்னு சொன்னேனே, தலையாட்டிகினுதானே இருந்தீங்க?"

"பயத்துல ஒண்ணும் காதுல ஏறலைங்க" என்று முணுமுணுத்தேன்.

இப்போதெல்லாம் பயத்தை முதலிலேயே சொல்லி, அவர் சொல்வதைத் திருப்பிச் சொல்லிவிட்டுத்தான் நாற்காலியை விட்டு எழுகிறேன். தப்பு என்னுடையது என்று தெருவிலும் சொல்லிவருகிறேன். ஆனாலும் அன்றைய என் கத்தல்தான் இன்னும் எல்லோர் காதிலும் இருக்கிறது.