கெங்கம்மா எடுத்துக் கொடுத்த கடல்

ஆந்திராவில் தமிழ் பேசுகிற எங்கள் ஊரிலிருந்து கடலைப் பார்க்க வேண்டுமென்றால் முதலில் புத்தூருக்கு ஒரு பஸ், அங்கிருந்து நாகலாபுரம், அப்புறம் சத்தியவேடு. அதற்கப்புறமும் கடல் வராது, யாரையாவது வழி கேட்க வேண்டும். ஊரில் பாதிப் பேர் கடலை டிவியில் பார்த்தவர்கள். மிச்சப் பாதிப் பேர் மெட்ராஸ் போய் மணலில் உட்கார்ந்து மிளகாய் பஜ்ஜி தின்றுவிட்டு, கடலைப் பார்த்ததாகச் சொல்லிக்கொண்டு திரிகிறவர்கள். அப்படிப்பட்ட ஊர்தான் உலகத்துக் கடலைக் காப்பாற்றுவோம் என்று கிராம சபையில் தீர்மானம் போட்டது. அதற்கு நான்தான் காரணம் என்று இன்றைக்கும் சிலர் பேசுகிறார்கள். நான் இல்லை. நம்புகிறவர்கள் மேலே படிக்கலாம். நம்பாதவர்களும் படிக்கலாம், எனக்குப் பழகிவிட்டது.

ஒன்பதாவது வகுப்பில் ஒரு நாள் கணக்கு வாத்தியார் நடப்பது போல் நடந்து காட்டினேன். வகுப்பே விழுந்து விழுந்து சிரித்தது. கொஞ்ச நேரத்தில் சிரிப்பு நின்றுபோனது. திரும்பிப் பார்த்தால் வாத்தியார். அதோடு என் படிப்பும் நின்றது. இப்போது புத்தூரில் ஒரு ஃப்ளெக்ஸ் கடையில் டிசைன் செய்கிறேன். பிறந்த நாள், மஞ்சள் நீராட்டு, கண்ணீர் அஞ்சலி எல்லாம் என் கைதான். தமிழும் தெலுங்கும் தப்பில்லாமல் டைப் அடிப்பேன். கேலி அதைவிட நன்றாக வரும். ஊரில் யாருடைய செருப்பாவது காணாமல் போனால் முதலில் எங்கள் வீட்டுக் கதவைத்தான் தட்டுவார்கள்.

பஞ்சாயத்து செக்ரட்ரி மேடம் பாகாலா பக்கத்துப் பெண். தெலுங்கு மட்டும்தான். வேலைக்குச் சேர்ந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. சித்தூர் ஆபீசிலிருந்து ஒரு பேப்பர் வந்ததும் கிராம சபையைக் கூட்டினார். உலக நாடுகளெல்லாம் ஒன்றாக உட்கார்ந்து, பசி, வறுமை, நோய், அழுக்குத் தண்ணீர் என்று பதினேழு விஷயங்களைச் சரி செய்துவிடுவதாக ஒத்துக்கொண்டிருக்கின்றனவாம். அதில் எங்கள் ஊர் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, இதை நாங்கள் செய்து முடிப்போம் என்று தீர்மானம் போட்டு அனுப்ப வேண்டும். உலகம் கையெழுத்துப் போடும், செய்வதற்கு எங்கள் ஊர்.

"சனிவாரம் லோபல அப்லோட் செய்யாலண்டி. லேகபோதே நாக்கு மெமோ" என்றார் மேடம். சனிக்கிழமைக்குள் கம்ப்யூட்டரில் ஏற்றாவிட்டால் அவருக்கு விளக்கம் கேட்டு மெமோ வந்துவிடுமாம்.

ஒன்றைத்தானே எடுக்க வேண்டும், பத்து நிமிட வேலை என்று நினைத்தேன். கூட்டம் மூன்று தடவை நடந்தது.

எங்கள் சர்பஞ்ச், அதாவது பஞ்சாயத்துத் தலைவர், ஒரு பெண். ஆனால் ஊரில் எல்லோரும் சர்பஞ்ச் என்று கூப்பிடுவது அவர் வீட்டுக்காரரை. நாற்காலியில் உட்காருவதும் அவர், மாலை போட்டுக்கொள்வதும் அவர், மனைவி பெயரைக் கையெழுத்தாகப் போடுவதும் அவர். அவருக்கு ஏரிக்கரையில் ஒரு கல்யாண மண்டபம் உண்டு. அதனால் அவருக்கு ஒன்பதாவது இலட்சியம் பிடித்துப்போனது. சாலை, கட்டுமானம். மண்டபம் வரைக்கும் சிமென்ட் ரோடு.

எதிர்த்து நின்றது என் அண்ணி. டுவாக்ரா என்று நாங்கள் சொல்கிற மகளிர் சங்கத்துக்கு அண்ணிதான் தலைவி. பத்துப் பெண்கள். ஏரியைக் குத்தகைக்குக் கொடுங்கள், மீன் விட்டு வளர்க்கிறோம் என்று மூன்று வருடமாக மனு எழுதிக்கொண்டிருந்தார்கள். வேறு வேலை இல்லாத மாதங்களில் அந்தப் பத்து வீடும் அதை நம்பித்தான் கணக்குப் போட்டு வைத்திருந்தன. ஆனால் ஏரியில் மண்டபத்துக் குப்பை கொட்டப்பட்டுக்கொண்டிருந்தது. முகூர்த்த நாளில் ஏரியைப் பார்த்தாலே என்ன சாம்பார் என்று சொல்லிவிடலாம்.

"மீனு வளக்கறது எல்லாம் ஒரு வேலயாம்மா? ரோடு போட்டா ஊரு முன்னுக்கு வரும்" என்றார் சர்பஞ்ச் வீட்டுக்காரர்.

"போன வருசம் போட்ட ரோட்ல நடந்தா பல்லுதாண்ணா முன்னுக்கு வருது. தடுக்கித் தடுக்கி உழறாங்கோ" என்றாள் அண்ணி.

மூன்றாவது கூட்டமும் கலைகிற நேரத்தில் கெங்கம்மா கோயில் பூசாரி எழுந்தார். "அம்மாகிட்ட உட்ருங்கப்பா. சீட்டு போட்டுப் பாக்கலாம்."

அதற்கு மேல் யாரும் பேச முடியாது. எங்கள் ஊரில் முடிவாகாத எதுவும் அங்கேதான் போகும். ஜாத்திரைத் திருவிழாத் தேதி, போர்வெல் போடுகிற இடம், அரக்கோணத்து மாப்பிள்ளைக்குப் பெண் கொடுக்கலாமா கூடாதா, எல்லாமே. சீட்டுகளை மடித்து அம்மன் காலடியில் தட்டில் வைப்பார்கள். ஒரு சுமங்கலி கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை எடுப்பாள். மிச்சத்தைப் பிரிக்காமல் கற்பூரத்தில் எரித்துவிடுவார்கள். அம்மன் வேண்டாம் என்று ஒதுக்கியதை மனிதன் படிக்கக் கூடாது.

பதினேழையும் தமிழில் எழுதுகிற வேலை எனக்கு வந்தது. "எழுத்து அழகா கீது, வாய்தான் சரியில்ல" என்று பூசாரியே சிபாரிசு செய்தார்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் கடையில் கூட்டமில்லை. எழுத உட்கார்ந்தேன். 'வறுமை ஒழிப்பு' என்று எழுதியதும் கை தானாக அடியில் இன்னொரு வரி எழுதியது. அப்புறம் நிறுத்த முடியவில்லை. ஒன்றைத்தான் பிரிக்கப் போகிறார்கள், மிச்சம் சாம்பல். எடுக்கிற ஒன்றுக்கு ஊர் கொஞ்சம் சிரித்துவிட்டுப் போகட்டுமே என்று தைரியம். பதினாலாவதுக்கு வந்தபோது மட்டும் யோசித்தேன். கடல், தண்ணீருக்கு அடியில் வாழ்கிற உயிர்கள். எங்கள் ஊரில் கடலை வைத்து யாரைக் கேலி செய்வது? அதை வெறுமனே விட்டுவிட்டேன். அந்தச் சீட்டே வேண்டாம், நமக்கும் கடலுக்கும் என்ன என்று பூசாரியிடம் சொல்லியும் பார்த்தேன். "உலகம் பதினேழுன்னு சொல்லிச்சுன்னா பதினேழுதாண்டா. உட்டுப்போன சாமி கோச்சிக்கும்" என்றார்.

சனிக்கிழமை காலையில் சர்பஞ்சம்மா தட்டின் முன்னால் நின்றார். பதவிக்கு வந்த பிறகு அவர் கையால் செய்த முதல் அரசாங்க வேலை அதுதான் என்று நினைக்கிறேன். கண்ணை மூடினார், எடுத்தார். பிரிக்க வீட்டுக்காரர் கையை நீட்டினார். பூசாரி தட்டிவிட்டார். சர்பஞ்சம்மாவே எழுத்துக் கூட்டிப் படித்தார்.

"பதினாலு. கடல். தண்ணிக்கு அடியில வாழ்ற உயிருங்கோ."



"கடலா?" என்றார் வீட்டுக்காரர். "எங்கடா கீது கடலு?"

பின்வரிசையில் ஒருவர் சிரிக்க ஆரம்பித்தார். அது முன்வரிசைக்கு வந்து, அம்மன் வரைக்கும் போய்விட்டது. சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு சர்பஞ்சம்மா குலுங்குகிறார். மேடத்துக்கு மட்டும் எதுவும் புரியவில்லை. பதினாலு என்று கேட்டதும் போனில் பட்டனைத் தட்டிவிட்டு, "அப்லோட் அயிபோயிந்தண்டி!" என்று, ஏற்றியாகிவிட்ட நிம்மதியில் கும்பிட்டார். முகத்தில் மெமோவிலிருந்து தப்பித்த சந்தோஷம்.

அப்போதுதான் அண்ணி எழுந்தாள். அவள் மட்டும் சிரிக்கவில்லை.

"நம்ம ஏரி ரொம்பினா தண்ணி எங்க போவுது?"

"ஆத்துக்கு" என்றது கூட்டம்.

"ஆறு எங்க போவுது?"

"பூண்டி ஏரிக்கு."

"அங்கருந்து?"

எண்ணூரில் பெண் கட்டிய ஒருவர் மட்டும், "எங்க மாமனார் ஊராண்ட கடல்ல கலக்குது" என்றார்.

"அப்ப மண்டபத்து எச்ச எலை எங்க போவுது? மாமனாரூட்டுக்கா? கடலுக்குத்தான? அம்மா சரியாத்தான் எட்த்துக் குட்த்துகீறா. ஏரியச் சுத்தம் பண்ணி சங்கத்துக்குக் குடுங்க. தண்ணிக்கு அடியில உயிர நாங்க உட்றோம்."

ஐந்தாவது வரைக்கும் படித்த அண்ணி சீட்டை வைத்துக்கொண்டு சமுத்திரம் வரைக்கும் போய்விட்டு வந்துவிட்டாள். கூட்டத்தில் தலைகள் ஆட ஆரம்பித்தன.

வீட்டுக்காரர் விடவில்லை. "சீட்டு எழுதினது யாரு? இவ கொழுந்தன். பதினேழுலயும் பதினாலுன்னு எழுதி வெச்சிருப்பான் இந்தத் திருட்டுப் பய. இது செல்லாது. வேற சீட்டு எழுதலாம், நான் எழுதறேன்."

எல்லாத் தலைகளும் என் பக்கம் திரும்பின. "கெங்கம்மா சத்தியமா இல்ல" என்றேன். சிரித்தார்கள். நான் சத்தியம் செய்வதும் நடித்துக் காட்டுவதும் அவர்களுக்கு ஒன்றுதான்.

"மிச்சத்தப் பிரிச்சுப் பாத்தாத் தெரிஞ்சிடப் போவுது" என்றார் ஒருவர்.

"ஐயோ, அது வாணாம்! சாமி குத்தம்! எரிச்சிடுங்க!" என்று கத்தினேன். கொஞ்சம் அதிகமாகவே கத்திவிட்டேன்.

"பாத்தீங்களா, இவனுக்கு எப்ப வந்துச்சு பக்தி?" என்றார் வீட்டுக்காரர்.

அண்ணி என் பக்கத்தில் வந்தாள். குரலைத் தாழ்த்தினாள். "நீ அப்டி எழுதி வெச்சியா?"

"இல்லண்ணி."

"அப்ப பிரிக்கச் சொல்லு."

"முடியாதுண்ணி."

"இன்னாத்துக்கு?"

நான் தட்டிலிருந்த சீட்டுகளைப் பார்த்தேன். அண்ணி தினமும் நாலு வேளை என்னைத் திட்டுகிறவள். அன்றைக்குத் திட்டவில்லை. சங்கத்துப் பெண்கள் இருந்த பக்கம் ஒரு தரம் பார்த்துவிட்டு அப்படியே நின்றாள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

"பிரிங்க" என்றேன். "ஆனா நான் வாசப்படியாண்ட நின்னுக்கறேன்."

பூசாரி அம்மனிடம் உத்தரவு கேட்டார். அம்மன் ஒன்றும் சொல்லவில்லை. "சொல்லலன்னா சரின்னு அர்த்தம்" என்று தட்டை சர்பஞ்சம்மாவிடம் நீட்டினார். மேடத்துக்குத் தமிழ் படிக்க வராது, பூசாரிக்குக் கண்ணாடி இல்லை. ஆக, மறுபடியும் சர்பஞ்சம்மா.

"ரெண்டு. பசி ஒழிப்பு." நல்லவேளை என்று நான் மூச்சு விடுவதற்குள் அடுத்த வரிக்குப் போனார். "அம்மன் பொங்கல்ல நெய் எங்க போவுதுன்னு கண்டுபுடிச்சா பாதிப் பசி தீரும்."

பூசாரி என்னைத் தேடினார். நான் ஒரு படி இறங்கினேன்.

"பதினாறு. அமைதி, நீதி. மொதல்ல டுவாக்ரா சங்கம் மீட்டிங்ல கொண்டு வரவும்."

பத்துப் பெண்களும் ஒரே நேரத்தில் கத்தினார்கள். அமைதி வரவில்லை. இன்னொரு படி இறங்கினேன்.

"ஆறு. சுத்தமான கழிப்பறை. எங்க வீட்டுல சர்க்கார் கட்டிக் குட்த்த கழிப்பறை சுத்தமா கீது. உள்ள வரட்டிதான் அடுக்கி வெச்சிருக்கோம். யாருக்கும் உள்ள போக வழியில்ல."

"அடப் பாவி!" என்றாள் அண்ணி. திட்டு திரும்பி வந்துவிட்டது. மனசுக்கு எவ்வளவு நிம்மதி!

சர்பஞ்சம்மாவுக்கு ருசி வந்துவிட்டது. திக்காமல் படிக்க ஆரம்பித்தார். ஒன்று: 'வாசலில் கார், பீரோவில் ஏழைகளுக்கான வெள்ளை ரேஷன் கார்டு, வறுமையைக் காணோம்.' வீட்டுக்காரர் தரையைப் பார்த்தார். ஒன்பது: 'ரோடு போட்டவர் ஒருவர், குழாய்க்குத் தோண்டினவர் ஒருவர், நடுவில் விழுந்தது நான்.' பதினொன்று: 'நீடித்த நகரம். முதலில் இங்கே பஸ் நீடித்து நிற்கட்டும்.' கிழவர்கள் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். பக்கத்திலிருந்த ஒரு மாமா மொழிபெயர்த்துச் சொல்ல, ஒவ்வொன்றுக்கும் கூட்டம் சிரித்து முடித்த பிறகு மேடம் தனியாகச் சிரித்தார். அவர் சிரிப்பதைப் பார்த்துக் கூட்டம் இரண்டாவது தரம் சிரித்தது. பதினாறு சீட்டிலும் இன்னொரு பதினாலு இல்லை. என் வாழ்க்கையில் நான் யோக்கியன் என்று நிரூபணமான ஒரே நாள், ஊர் முழுக்க என்னை உதைக்கத் தேடிய நாளும் அதுதான்.

கடைசியில் இருந்தது ஐந்தாவது. சர்பஞ்சம்மா பிரித்து, வாய்க்குள் படித்து, நிறுத்திவிட்டார்.

"சத்தமாப் படிம்மா" என்றார்கள்.

"ஆணும் பொண்ணும் சமம்." குரல் மெல்லமாக வந்தது. "சர்பஞ்சம்மா கையெழுத்த யாராச்சும் நேர்ல பாத்திருந்தா புத்தூரு ஃப்ளெக்ஸ் கடைக்கு வரவும். பரிசு உண்டு."

சிரிப்பு வந்து பாதியில் நின்றுபோனது. நான் கடைசிப் படியில் இருந்தேன், ஓட இடம் பார்த்துக்கொண்டு. சர்பஞ்சம்மா அந்தச் சீட்டை நாலாக மடித்து இடுப்பில் சொருகினார். மேடத்தைப் பார்த்து, "தீர்மானம் புக்கு குடுமா" என்றார்.

"குடு, நான் போட்றேன்" என்று வீட்டுக்காரர் பழக்கத்தில் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார்.

சர்பஞ்சம்மா பேனாவை மட்டும் வாங்கிக்கொண்டார். "நீ உக்காருய்யா."

அவர் உட்கார்ந்துவிட்டார். தரையில். நாற்காலி பக்கத்தில்தான் இருந்தது, நினைவில்லை போலிருக்கிறது.

மண்டபத்துக் குப்பை இனி ஏரியில் விழக் கூடாது, ஏரி சங்கத்துக்குக் குத்தகை என்று மேடம் தெலுங்கில் எழுதினார். அடியில் சர்பஞ்சம்மா நாக்கைக் கடித்துக்கொண்டு கோணல் கோணலாகத் தன் பெயரை எழுதினார். பிறகு தலையை நிமிர்த்தினார்.

"டேய், பரிசுன்னு போட்டுக்கினு கீறியே, இன்னா பரிசு?"

"ஃப்ளெக்ஸ்மா. பெருசா. உங்க படம் மட்டும்."

"நல்ல பொடவ கட்டிக்கினு வரேன்" என்றார்.

மேடம் எழுதிக் கொடுத்த நகலை அண்ணி இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். அழுவாள் என்று நினைத்தேன். பேப்பரை ஜாக்கெட்டுக்குள் வைத்தாள், முந்தானையை இடுப்பில் இழுத்துக் கட்டினாள், சங்கத்துப் பெண்களைப் பார்த்து, "மம்முட்டி யாரூட்ல கீது, போய் எட்த்தாங்கோ" என்றாள். சீட்டுகளை எரிக்கக் கற்பூரம்கூட இன்னும் ஏற்றவில்லை.

பத்து நிமிடத்தில் ஏரிக்கரையில் இருந்தார்கள். நான் தூரத்து வேப்ப மர நிழலில் நின்று வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தேன். அண்ணி அங்கிருந்தே கத்தினாள்.

"டேய் யோக்கியா! இன்னா நின்னுக்கினு கீற? எறங்கு!"

"எங்கண்ணி எறங்கறது?"

அவள் மண்டபத்துப் பக்கத்தைக் காட்டினாள். முந்தாநாள் முகூர்த்தம். ரசம் புளித்து நுரைத்துக்கொண்டிருந்தது. பேன்ட்டை மடித்துவிட்டு இறங்கினேன். முதல் கூடையிலேயே யாரோ ஒரு மாப்பிள்ளையின் சரிகைத் தலைப்பாகை வந்தது. அதை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டு, கணக்கு வாத்தியார் நடப்பதைப் போல் சேற்றில் நடந்து காட்டினேன். பத்துப் பெண்களும் மண்வெட்டியைக் கீழே போட்டுவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டார்கள். அண்ணிதான் முதலில் சேற்றை அள்ளி வீசினாள்.